பழைய காருக்கு பிரேக் டிஸ்க் மாற்றுமுன்: கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பக்கம் பத்து, இருபது வருடம் ஓடிய கார் வைத்திருப்பவர்கள் முன் வீல் டிஸ்க் மாற்றுவது பற்றிக் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. கடைக்காரர் ‘ரோட்டார்’ என்பார், மெக்கானிக் ‘டிஸ்க்’ என்பார். இரண்டும் ஒரே பொருள்தான்.

கோட்டையூரிலிருந்து: அண்ணே, 2004 ஜென். எழுபதுல போகும்போது பிரேக் அடிச்சா ஸ்டீயரிங் ஆடுது. டிஸ்க் வளைஞ்சிருச்சு, புதுசு போடுங்கன்னு மெக்கானிக் சொல்றார். போட்டா சரியாயிடுமா?

பதில்: முதலில் ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிரேக் தொடாமலே ஆடினால் டயர் பேலன்ஸ் கோளாறு. பிரேக் அடித்தால் மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் முன் டிஸ்க். ஸ்டீயரிங் சும்மா இருந்து சீட்டும் பெடலும் துடித்தால் பின் டிரம். இதை உறுதிசெய்ய, ஆளில்லாத நேரான சாலையில் நாற்பதில் போகும்போது ஹேண்ட் பிரேக்கை, அதன் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல இழுங்கள். அப்போது துடித்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது.

முன் டிஸ்க்தான் என்று தெரிந்தாலும் ‘வளைந்துவிட்டது’ என்பது பெரும்பாலும் சரியாக இருக்காது. டிஸ்க்கின் கனம் (தடிமன்) சுற்றிலும் ஒரே சீராக இல்லை என்பதுதான் நிஜம். எட்டு இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால், கூடுதலுக்கும் குறைவுக்கும் 0.02 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே காலுக்குத் தெரியும். அது எப்படி வருகிறது என்றால், ஹப்பின் (டிஸ்க்கும் வீலும் மாட்டும் நடுத்தட்டு) முகத்தில் துரு இருக்கும், அதன்மேல் டிஸ்க் சற்றுச் சாய்ந்து உட்காரும். பிரேக் அடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடை (டிஸ்க்கைப் பிடிக்கும் பிரேக் கட்டையை) உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும்.

ஆகவே அந்தத் துருவை எடுக்காமல் புது டிஸ்க்கை மாட்டினால், வந்த கோளாறு திரும்ப வரும். பிறகு டிஸ்க் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. ஹப்பை எப்படிச் சுத்தம் செய்வது என்பதைக் கீழே திருமயம் தம்பிக்குச் சொல்லியிருக்கிறேன், அதைச் செய்த பிறகு புதுசு போடுங்கள்.

தேவகோட்டையிலிருந்து: எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும்? வெர்னியர் வைத்துப் பார்த்தேன், புது டிஸ்க் அளவே காட்டுகிறது. ஆனால் கண்ணுக்குத் தேய்ந்த மாதிரி தெரிகிறது.

பதில்: உங்கள் கண் சொல்வதுதான் சரி. டிஸ்க்கின் வெளி ஓரத்தில் விரலை வைத்து உள்பக்கமாக இழுத்துப் பாருங்கள், ஒரு வரப்பு தட்டுப்படும். பேட் படாத அந்த ஓரம் தேயாமல் துருவேறித் தடித்து நிற்கிறது. வெர்னியரின் இரண்டு தாடையும் அந்த வரப்பின்மேல் உட்கார்ந்துகொள்வதால் உள்ளே இருக்கும் பள்ளத்தை அது தொடுவதே இல்லை.

மைக்ரோமீட்டர் இருந்தால் ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி அளக்கலாம். இல்லையென்றால் ஒரே மாதிரி இரண்டு நாணயம் எடுத்து, சேர்த்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வரப்புக்கு உட்பக்கம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக வைத்து, நாணயங்களோடு சேர்த்து வெர்னியரால் பிடியுங்கள். வந்த அளவில், குறித்து வைத்த இரண்டு நாணயங்களின் கனத்தைக் கழித்தால் டிஸ்க்கின் உண்மையான கனம். சுற்றிலும் ஆறு இடத்திலாவது பார்த்து, மிகக் குறைந்ததைக் கணக்கில் எடுங்கள்.

எல்லை எது என்பது டிஸ்க்கிலேயே இருக்கும். தொப்பி போல மேடாக இருக்கும் நடுப்பகுதியிலோ வெளி விளிம்பிலோ ‘MIN’ (குறைந்தபட்சம்) என்று ஆங்கிலத்தில் அடித்து, பக்கத்தில் ஒரு எண் போட்டிருப்பார்கள். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் தெரியும். புதிதில் 10 மி.மீ. இருக்கும் சின்னக் கார் டிஸ்க்குக்கு 8 என்று இருப்பது வழக்கம். அந்த எண்ணைத் தொடும்வரை ஓட்டலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்று 8.3 இருக்கிறது, புது பேட் மட்டும் போடுகிறீர்கள் என்றால், அந்த பேட் தீருவதற்குள் டிஸ்க் எல்லையைத் தாண்டிவிடும். மெலிந்த டிஸ்க்கில் சூட்டை வாங்க இரும்பு போதாது. பேடும் தேய்ந்திருந்தால் காலிப்பரின் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வர வேண்டியிருக்கும், சீல் கசியும்.

கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி: பிள்ளைகள் மலேசியாவில். கார் வருஷத்தில் பதினோரு மாசம் ஷெட்டில்தான் நிற்கும், விசேஷத்துக்கு அவர்கள் வந்தால் எடுப்போம். இந்தத் தடவை எடுத்ததும் கரகரவென்று ஒரே சத்தம், டிஸ்க் முழுக்கத் துரு. 22,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: துருவைப் பார்த்து மட்டும் முடிவு எடுக்காதீர்கள் ஆச்சி. டிஸ்க் வார்ப்பிரும்பு, ஒரு ராத்திரி மழை ஈரத்திலேயே செம்பழுப்பு ஏறும். டிரைவரை ஆளில்லாத சாலையில் பத்துப் பதினைந்து தடவை நன்றாக பிரேக் அடித்து ஓட்டச் சொல்லுங்கள், மேல்துரு போய்விடும். பிறகு வண்டியை ஆறவிட்டு டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பேட் படும் பட்டை முழுவதும் வெள்ளிபோலப் பளபளத்தால் நல்ல டிஸ்க். அந்தப் பட்டையில் பாதி இன்னும் கறுப்பாக, நகத்தை இழுத்தால் குழி குழியாகத் தட்டினால் அது தேறாது. பேட் ஒரே இடத்தில் பல மாதம் ஒட்டி நின்றதால், பேட் வடிவத்திலேயே ஒரு தடம் பதிந்திருந்தாலும் மாற்றுங்கள். கிலோமீட்டர் குறைவு என்பது இங்கே உதவாது. ஓடித் தேய்ந்த டிஸ்க்கை விட நின்று கெட்ட டிஸ்க்தான் நம் ஊரில் அதிகம்.

புதிது வாங்கும்போது துத்தநாகப் பூச்சுப் பூசியதாகக் கேளுங்கள். பேட் படும் இடத்தில் பூச்சு தேய்ந்துவிடும். நடுப்பகுதியும் விளிம்பும் துருப்பிடிக்காமல் இருக்கும்.

இனி வண்டியைக் கழுவிய கையோடு ஷெட்டில் விடாதீர்கள். ஐந்து கிலோமீட்டர் ஓட்டி டிஸ்க்கை உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு மாதக்கணக்கில் விட்டால் பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதம் இரண்டு தடவையாவது ஓடட்டும். துரு வராமல் இருக்க டிஸ்க்கில் எண்ணெய் பூசலாமே என்று யாராவது சொன்னால் ஒருபோதும் பூச விடாதீர்கள். பிரேக் பிடிக்காது. ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்ற வேண்டும்.

காரைக்குடியிலிருந்து: நாலு கடையில் நாலு விலை. கம்பெனி டப்பாவில் வருவதுதான் வாங்கணுமா, வெளி பிராண்டு போதுமா?

பதில்: பிராண்டுக்கு முன்னால் அளவு. ஒரே பெயரில் வந்த காரிலேயே வருடத்துக்கும் மாடலுக்கும் டிஸ்க் வேறுபடும். ஆகவே ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவது இன்னும் நல்லது. ஐந்து அளவு ஒத்துப்போக வேண்டும்: வெளிவிட்டம், கனம், மொத்த உயரம், நடு ஓட்டை, போல்ட் ஓட்டைகளின் வட்டம். இதில் ஏமாறுவது உயரத்திலும் நடு ஓட்டையிலும்தான். உயரம் 2 மி.மீ. மாறினாலும் டிஸ்க் காலிப்பரின் நடுவில் நிற்காது. நடு ஓட்டை பெரிதாக இருந்தால் டிஸ்க் மையத்தில் உட்காராது. இரண்டு தகடுக்கு நடுவே காற்றுப் பாதை உள்ள டிஸ்க்குக்குப் பதில் ஒரே தகடான சாலிட் டிஸ்க் கொடுத்தால் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

அளவு சரியென்றால் வெளி பிராண்டு தாராளமாகப் போடலாம். கார் கம்பெனிகளுக்கே பிரேக் சப்ளை செய்கிறவர்கள் தங்கள் பெயரிலும் விற்கிறார்கள். சென்னை பாடியில் தலைமையகம் உள்ள பிரேக்ஸ் இந்தியா அப்படி ஒரு கம்பெனி. ஆனால் பெயரில்லாத டப்பாவில், கனத்தின் கீழ் எல்லை அடிக்காமல் வரும் டிஸ்க்கைத் தொடாதீர்கள். கையில் வாங்கிப் பாருங்கள்: பேட் படும் முகத்தில் கடைசல் சீராக இருக்கிறதா, இரண்டு பக்க இரும்பும் ஒரே கனமா, நடுவே உள்ள காற்றுப் பாதையில் வார்ப்பு மண் அடைத்திருக்கிறதா. ஜோடியில் ஒன்று மற்றதைவிடக் கையில் எடையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். உடைத்த காரிலிருந்து எடுத்த டிஸ்க் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

திருப்பத்தூரிலிருந்து: லேத்தில் கொடுத்துச் சீவினால் போதாதா?

பதில்: சீவிய பிறகும் எல்லை எண்ணைவிட நன்றாக மேலே இருந்தால் சீவலாம். சின்னக் கார் டிஸ்க்கில் புதுசுக்கும் எல்லைக்கும் இடையே இருப்பதே 2 மி.மீ. பத்து வருடம் ஓடியதில் சீவ என்ன மிஞ்சியிருக்கும்? லேத்தில் மையம் பிடிப்பது பிசகினால் இல்லாத ஆட்டத்தையும் சேர்த்துக் கொண்டுவருவீர்கள். சின்ன டிஸ்க் என்றால் புதுசே மேல்.

பள்ளத்தூரிலிருந்து: இடது பக்கம் மட்டும் ஆழமாக வரி விழுந்திருக்கிறது. ஒன்று மட்டும் மாற்றலாமா?

பதில்: கூடாது. இரண்டு பக்கமும் ஜோடியாக, பேடும் புதிதாக. பழைய பேடில் பழைய டிஸ்க்கின் மேடுபள்ளம் அப்படியே அச்சாக இருக்கும், புது டிஸ்க்கில் முனைகள் மட்டும்தான் தொடும். அதோடு இடது பக்கம் மட்டும் ஏன் கெட்டது என்று பார்க்காமல் விடாதீர்கள். ஒரு பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்து, அதன் ஜோடி பாதிக்கு மேல் இருந்தால் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. நம் ஊர் செம்மண் தூசி, கிழிந்த ரப்பர் வழியாக உள்ளே போய்விடும். பின்னைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதி, மறுபடி இறுகும்.

புதுவயலிலிருந்து: தைப்பூசத்துக்குக் காவடியோடு நடக்கிறவர்களுக்குப் பின்னால் குன்றக்குடியிலிருந்து பழனி வரை வண்டி ஊர்ந்து வரும். அப்படியே கொடைக்கானல் ஏறி இறங்குவோம். துளை போட்ட டிஸ்க் நல்லதா?

பதில்: வேண்டாம். துளையைச் சுற்றி வெடிப்பு விடும், பேடும் சீக்கிரம் தீரும். நடை வேகத்தில் ஊர்வது டிஸ்க்குக்கு ஒரு சுமையே இல்லை. சோதனை மலை இறக்கத்தில்தான், அங்கே முதலில் கைவிடுவது பழைய பிரேக் ஆயில். டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும், ஈரம் குடித்த பிறகு அந்த அளவு 155-க்கு இறங்கும். கொதித்தால் பெடல் நேராகத் தரைக்குப் போகும். சாதாரண டிஸ்க் புதிதாகப் போட்டு, ஆயிலை முழுவதும் மாற்றி, ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

திருமயத்திலிருந்து: அண்ணே, நான் மெக்கானிக் வேலை கத்துக்கிறேன். டிஸ்க் ஹப்போட ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. சுத்தியால அடிச்சுக்கிட்டே இருக்கேன்.

பதில்: சுத்தியலைக் கீழே வை தம்பி, அடி பேரிங்குக்குத்தான் போகும். நடுப்பகுதியில் போல்ட் ஓட்டை தவிர, மரை போட்ட சின்ன ஓட்டை இரண்டு இருக்கிறதா பார். பல ஜப்பான் மாடல்களில் எம்8 போல்ட் அதில் ஏறும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துக் கால் மணி நேரம் விட்டு, இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கு, டிஸ்க் தானாக விலகி வரும். ஹோண்டா போன்றவற்றில் டிஸ்க்கைப் பிடிக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் தலை அழிந்துவிடும், இம்பாக்ட் டிரைவர் வேண்டும். சில பழைய மாடல்களில் டிஸ்க் ஹப்புக்குப் பின்னால் போல்ட் போட்டு நிற்கும். அதற்கு ஹப்பையே இழுக்க வேண்டும், பேரிங்கும் கையோடு வாங்கி வைத்துக்கொள். எதுவானாலும் ஜாக்கியை மட்டும் நம்பாதே, ஸ்டாண்டு கொடு. காலிப்பரை ஓஸில் தொங்க விடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டு.

டிஸ்க் வந்ததும் ஹப் முகத்தைப் பார். போல்ட் ஒவ்வொன்றின் அடியிலும் வட்டமாகத் துரு மேடு கட்டியிருக்கும், கம்பி பிரஷ் அங்கே நுழையாது. உப்புத்தாளைச் சின்ன வளையமாக வெட்டி, போல்ட்டில் கோத்து, விரலால் அழுத்தித் திருகு. துடைத்த பிறகு உள்ளங்கையால் தடவினால் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். புது டிஸ்க்கில் வரும் துருத் தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் இரண்டு பக்கமும் துடை. மாட்டி, வீல் நட் எல்லாவற்றையும் போட்டு இறுக்கி, ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே டயல் கேஜ் வைத்துச் சுற்று. ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. 0.10 தாண்டினால் கழற்றி, டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளித் திருப்பி மாட்டிப் பார்.

பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் மேலே பிரேக் ஆயில் டப்பாவில் ஆயில் நிரம்பி வழியாதபடி கொஞ்சம் எடுத்துவிடு, பெயின்ட்டில் பட்டால் உரிந்துவிடும். கடைசியாக வீல் நட்டைக் காற்று கன்னால் ஒரே மூச்சில் அடிக்காதே. எதிரெதிராக, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கு. ஒரு நட் அதிகம் இறுகினாலே டிஸ்க் சாயும்.

கண்டனூரிலிருந்து: 1984 அம்பாசிடர், நாலு வீலும் டிரம். முன்னால் டிஸ்க்காக மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், முன்பின் பிரேக் விகிதம் எல்லாம் மாறும், ஆர்.சி.யில் இல்லாத மாற்றம் என்ற சிக்கலும் வரும். டிரம்மை ஜோடியாகச் சீவி, அந்த அளவுக்குப் பொருந்தும் லைனிங் போட்டால் அந்த வண்டியின் வேகத்துக்குப் போதும். டிரம் தாங்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டிச் சீவ விடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

காரைக்குடியிலிருந்து இன்னொருவர்: நேற்றுதான் டிஸ்க், பேட் இரண்டும் புதிதாகப் போட்டேன். பிடிப்பு முன்னைவிடக் குறைவாக இருக்கிறதே?

பதில்: இன்னும் பழகவில்லை. விடிகாலை, செக்காலை ரோட்டுக் கூட்டம் இல்லாத ஊர் வெளிச் சாலையில் அறுபதிலிருந்து இருபது வரை, நிற்காமல், அழுத்தமாக பிரேக் அடியுங்கள். அரை நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி. இப்படிப் பத்துத் தடவை. பிறகு பத்து நிமிடம் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள், பேட் அச்சு டிஸ்க்கில் ஒட்டிவிடும். இதற்குப் பிறகும் பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் லைனில் காற்று, பிளீட் செய்து அதை வெளியேற்ற வேண்டும். புது டிஸ்க் போட்ட எவரும் வண்டியை நகர்த்துமுன், பெடல் கெட்டியாகும்வரை நின்ற இடத்திலேயே மிதியுங்கள். முதல் இரண்டு மிதி தரைக்குப் போகும். அது வாசலிலேயே நடந்துவிட வேண்டும். 100 கிலோமீட்டரில் வீல் நட்டை மறுபடி பாருங்கள்.