கிணறு எத்தனை பேரைத் தாங்கும்?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறோம். ஏற்காட்டில் என் மாமனார் விட்டுச்சென்ற 3 ஏக்கர் காபித் தோட்டமும், அதற்குள் 4 அறைகள் கொண்ட பழைய ஓட்டு வீடும் இருக்கின்றன. தோட்டத்தில் ஒரு வட்டக் கிணறு உண்டு. என் கணவர் பணி ஓய்வு பெற்றுவிட்டதால், அந்த வீட்டை வெளியூர் விருந்தினர் தங்கும் ஹோம்ஸ்டேயாக நடத்த எண்ணுகிறோம். இயற்கையைக் கெடுக்காமல் நடத்த வேண்டும் என்பது என் ஆசை. நீச்சல் குளமும் கேம்ப் ஃபயரும் ஒலிபெருக்கியும் இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்கிறார் என் கணவர். வீடு தேடி வந்தவர்களிடம் தண்ணீரைப் பார்த்துச் செலவழியுங்கள், பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவராதீர்கள் என்று சொல்வது விருந்தோம்பல் ஆகுமா என்ற தயக்கம் எனக்கும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, சேலம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அறைகளை எண்ணிச் சொன்ன நீங்கள், கிணறு உண்டு என்ற அளவில் தண்ணீரைப் பற்றிய பேச்சை முடித்துவிட்டீர்கள். நான் அந்தக் கிணற்றிலிருந்துதான் தொடங்குவேன். உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை அங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் எங்கள் உறவினரின் தோட்ட வீட்டைச் சில காலம் நானும் கவனித்துக்கொண்டேன். ஒரு மே மாதம், ஆறு பேருக்கு என்று பேசிய இடத்தில் பதினொரு பேர் வந்து இறங்கினார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. கூடுதல் பாய் விரித்துச் சமாளித்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். மறுநாள் விடியற்காலையில் கொல்லைப்புறம் போனபோது, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மா இடுப்பில் ஒரு குடமும் தலையில் ஒரு குடமுமாகச் சரிவின் கீழேயுள்ள ஊற்றிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். கிணறு வற்றி, மேட்டில் இருந்த அவர் வீட்டுக் குழாயில் முந்தின மாலையே தண்ணீர் நின்றுபோயிருந்தது. அவர் என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. உள்ளே குளியலறையில் ஷவர் ஓடிக்கொண்டிருந்த ஓசை அவர் நின்ற இடத்துக்குத் தெளிவாகக் கேட்டது. தவறு விருந்தினருடையது அன்று. எத்தனை பேரைத் தாங்கும் வீடு என்று கணக்குப் பார்க்காமல் கதவைத் திறந்துவைத்த என்னுடையது.

ஆகவே, வரும் ஏப்ரல் மாதத்தில், கோடை மழை விழுவதற்கு முன்பாக, ஒரு நாள் மாலையில் கிணற்று நீரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, கயிற்றில் முடிச்சிட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். இரண்டு மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓர் அடி ஊறினால் ஏறத்தாழ 950 லிட்டர். ஒரே இரவில் இரண்டடி ஊறினால் 1,900 லிட்டர். நம் நாட்டில் நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்குப்படி 1,900 லிட்டர் பதினான்கு பேருக்கு வரும். அதில் தோட்டக்காரர் குடும்பத்துக்கு முதல் பங்கு, உங்கள் இருவருக்கு ஒரு பங்கு, சமையல், துணி துவைத்தல், நாற்றங்கால் ஆகியவற்றுக்கு ஒரு பங்கு என்று ஒதுக்கினால், விருந்தினர் ஆறு பேருக்குத்தான் இடம் உண்டு. நான்கு அறைகள் இருக்கின்றனவே என்று எட்டு, பத்துப் பேரை ஏற்காதீர்கள். கூட்டம் மலைக்கு ஏறுவதும் கிணறு இறங்குவதும் ஒரே மாதங்களில்தான். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் மே மாதத்தில் இந்த எண்ணைத் தளர்த்தவே வேண்டாம்.

ஓட்டுக் கூரையிலிருந்து விழும் மழைநீரைத் தகர வாய்க்காலில் பிடித்துத் தொட்டிக்குக் கொண்டுவந்தால் இந்தச் சுமை குறையும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழுகிறது. முதல் மழையில் வரும் தூசியையும் சருகையும் வெளியே விட்டுவிட்டுப் பிறகு சேமியுங்கள். குளியலறை நீரைக் காபிச் செடிகளுக்கு நேரே பாய்ச்சாமல், மணலும் ஜல்லியும் நிரப்பிய பாத்தி ஒன்றில் கல்வாழையும் சேம்பும் நட்டு, அதன் வழியாக விடுங்கள். விருந்தினருக்கு வைக்கும் சோப்பையும் பாத்திரம் துலக்கும் பொடியையும் நீங்களே வாங்கிவைப்பது நல்லது. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் அந்தப் பாத்திக்கு ஒத்துப்போகும். கழிவறைத் தொட்டி கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். பழைய தோட்ட வீடுகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. அப்படி இருந்தால் வண்ணம் பூசுவதற்கும் கட்டில் வாங்குவதற்கும் முன்பாக அதைச் சரிவின் கீழ்ப்பக்கத்துக்கு, கிணற்றிலிருந்து 60 அடிக்குக் குறையாத தொலைவுக்கு மாற்றுங்கள். செலவு கூடுதலாகும் என்பதை அறிவேன். ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க வழியில்லை.

இனி உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். வந்து இறங்கிய விருந்தினரின் முகத்துக்கு நேரே ஒரு தடைப்பலகையைக் காட்டுவது விருந்தோம்பல் ஆகாது. அதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால், அவர்கள் புறப்படும் முன்பே தொலைபேசியில், நம் வீட்டுக்கு வரும் சம்பந்தி வீட்டாரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டால், அதே செய்தி அழைப்பின் ஒரு பகுதியாகிவிடுகிறது. நான் இப்படிச் சொல்வது வழக்கம்: “எங்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீர்தான். காலையில் ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர் காத்திருக்கும், தேவையானால் பச்சைத் தண்ணீரும் உண்டு. குடிக்கக் காய்ச்சி ஆற்றிய நீரைச் செம்பில் வைத்திருப்போம். பாட்டில் வாங்கிச் சுமந்து வர வேண்டாம். மாலை ஏழு மணிக்கு மேல் தோட்டத்துக்குள் காட்டெருமை வரும். அதனால் வெளிச்சமும் பாட்டும் வீட்டுக்குள் மட்டும். இது உங்களுக்குச் சரிப்படும் என்றால் வாருங்கள், காத்திருக்கிறோம்.” இதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றவர்கள் உண்டு. வந்தவர்களில் ஒருவரும் தண்ணீருக்காகவோ பாட்டுக்காகவோ என்னிடம் முகம் சுளித்ததில்லை.

உங்கள் கணவரின் அச்சம் நியாயமானது. ஓய்வூதியப் பணத்தைப் போட்டுத் தொழில் தொடங்குபவர் ஆள் வருவார்களா என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் நீச்சல் குளத்தை அவர் கிணற்றுக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கட்டும். 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் ஒன்றேகால் மீட்டர் ஆழமும் உள்ள சிறிய குளம் 40,000 லிட்டர் கொள்ளும். ஒரு துளியும் குடிக்காமல் சமைக்காமல், மூன்று வாரம் ஊறும் நீர் முழுவதையும் அதற்கே கொடுத்தால்தான் ஒரு முறை நிரம்பும். குளம் வேண்டும் என்போருக்கு ஏரியைச் சுற்றிலும் விடுதிகள் இருக்கின்றன. அவர்களோடு போட்டி போட உங்கள் மூன்று ஏக்கரால் முடியாது, போட வேண்டிய தேவையும் இல்லை.

கேம்ப் ஃபயரை அடியோடு மறுக்க வேண்டாம். மாசி முதல் சித்திரை வரை சரிவுகளில் சருகு காய்ந்து கிடக்கும்போது, ஒரு பொறி போதும், மலைச்சரிவே எரியும். அந்த மாதங்களில் திறந்தவெளி நெருப்புக்கு இடமே இல்லை. மார்கழி, தைக் குளிரில், காபி உலர்த்தும் சிமெண்டுக் களத்தின் நடுவில், பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரோடு, இரும்புச் சட்டியில் கணப்பு மூட்டுங்கள். காபிச் செடியில் கவாத்து செய்த குச்சிகளே போதும். அதைச் சுற்றி உட்கார்ந்து சுக்குக் காபி குடித்தவர்கள் பெரிய நெருப்பைக் கேட்கமாட்டார்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: குளிர்கிறதே என்று கரிக்கணப்பை மூடிய அறைக்குள் எடுத்துச் செல்லவே கூடாது, அதன் நச்சுவாயு மணமில்லாதது, உறங்குபவரின் உயிரைப் பறித்துவிடும்.

ஒலிபெருக்கிக்கு என் பதில் முடியாது என்பதுதான். அந்தி நேரத்தில் தோட்டத்தின் ஓரத்துக்கு வரும் காட்டெருமை மிரண்டால் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. அதன் அருகே போய்க் கைப்பேசி வெளிச்சத்தில் படம் எடுக்க ஆசைப்படுவோர் வருவார்கள். அவர்களைத் திண்ணையிலேயே உட்காரவைத்து, நடமாட்டத்தைத் தூரத்திலிருந்து காட்டுங்கள். வாசல் விளக்குகளை மஞ்சள் ஒளியில், கீழ்நோக்கிக் கவிழ்த்து, தேவையான இடத்தில் மட்டும் வையுங்கள். வெள்ளை விளக்கு ஒன்று இரவெல்லாம் எரிந்த திண்ணையைக் காலையில் பெருக்கியவர்களுக்குத் தெரியும், எத்தனை விட்டில்கள் முறத்தில் சேரும் என்று.

குரங்குகளுக்கு வாழைப்பழம் நீட்டும் பழக்கத்தை முதல் நாளிலேயே தடுத்துவிடுங்கள். கையால் வாங்கிப் பழகிய குரங்கு அடுத்த வாரம் சமையலறைக்குள் வரும், அதற்கடுத்த வாரம் குழந்தையின் கையில் இருப்பதைப் பறிக்கும். எச்சில் உணவைத் திறந்த குழியில் கொட்டினால் காட்டுப்பன்றியும் எலியும் வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். மூடியுள்ள உரத்தொட்டி ஒன்றைக் கட்டிவிடுவது இத்தனைக்கும் ஒரே தீர்வு. மக்காத குப்பையை எரிக்காமல் மூட்டையாகக் கட்டி வைத்து, விருந்தினர் கொண்டுவந்ததை அவர்களே எடுத்துச் செல்லக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் தட்டு, குவளை, உறிஞ்சுகுழல் போன்ற பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. ஆகவே இதைச் சொல்ல நீங்கள் கூசவே வேண்டியதில்லை. எங்கள் திண்ணையில் நான்கைந்து மஞ்சப்பைகள் எப்போதும் ஆணியில் தொங்கும். கடைத்தெருவுக்குப் போகிறவர்கள் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள்.

அப்படியானால் விருந்தினருக்கு என்னதான் கொடுப்பது? உங்களிடம் காபித் தோட்டம் இருக்கிறது, சகோதரி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் பயிர் அது. அறுவடைக் காலத்தில் வருகிறவர்களிடம் ஒரு கூடையைக் கொடுத்து, சிவந்த பழத்தை மட்டும், காம்பும் கிளையும் முறியாமல் திருகி எடுக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அவர்கள் கூடையின் அடியைக்கூட மறைத்திருக்கமாட்டார்கள். ஏறத்தாழ ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை என்று அப்போது சொன்னால், காபித் தம்ளரைப் பிடிக்கும் கையே மாறிவிடும். தோல் நீக்கிய கொட்டை வழவழவென்று விரலில் நழுவுவதும், களத்தில் காயும்போது பலகையால் தள்ளத் தள்ளச் சரசரவென்று ஒலிப்பதும், இரும்புச் சட்டியில் வறுக்கும்போது முதலில் பச்சைப்புல் மணமும் பிறகு வெடிப்பொலியும் எழுவதும் அவர்கள் ஊரில் கிடைக்காதவை. அறுவடை இல்லாத மாதங்களிலும் வறுத்துக் காட்டலாம். கோடை மழை விழுந்து எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுவதும் வெள்ளையாகப் பூத்து மல்லிகைபோல மணக்குமே, அந்த இரண்டு மூன்று நாளுக்காகவே வருபவர்கள் இருக்கிறார்கள். வறுத்து அரைத்த தூளை உங்கள் தோட்டத்துப் பெயரில் கால் கிலோ பொட்டலமாகக் கட்டி விற்றால், ஆறு பேர் மட்டும் தங்கும் வீட்டின் வருமானக் குறைவில் ஒரு பகுதி அதில் ஈடாகும் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

ஒரு சொல் மரங்களைப் பற்றியும். நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். மிளகுக்கொடி ஏற அது வசதியானது என்பதால் அதை வெட்ட வேண்டாம். முதிர்ந்து விழுந்த இடங்களில் பலா, அத்தி, நாவல் என்று நட்டு வாருங்கள். பறவைகள் தாமாக வரும். மலைப்பகுதி மரங்களை வெட்ட 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதையும், காட்சி தெரிய வேண்டும் என்று கிளை கழிக்கச் சொல்லும் கட்டட ஒப்பந்தக்காரரிடம் நினைவுபடுத்துங்கள்.

மலையின் பழங்குடியினரான மலையாளி மக்களைப் பற்றி விருந்தினர் கேட்பார்கள்; பெயரைக் கேட்டதும் கேரளத்தார் என்று எண்ணிக்கொள்வோரும் உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து தம் முன்னோர் வந்ததாக வழிவழியாகச் சொல்லிவரும், தமிழ் பேசும் மக்கள் அவர்கள். அவர்களிடம் சாமையும் தேனும் பலாவும் நல்ல விலை கொடுத்து வாங்குங்கள், சமையலுக்கும் வழிகாட்டுவதற்கும் உரிய கூலியோடு அழையுங்கள். ஆனால் அவர்கள் ஊருக்குள் விருந்தினரைக் கூட்டிப்போய் வீடுவீடாக வேடிக்கை காட்ட வேண்டாம். மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போக விரும்புவோர், அங்கே தாங்களும் விருந்தினரே என்ற நினைப்போடு போய்வரட்டும்.

தாள்வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: சுற்றுலாத் துறையிலும் உள்ளாட்சியிலும் பதிவு, உணவு பரிமாறுவதற்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு, வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தகவல். புதிதாக ஓர் அறை கட்டுவதாக இருந்தாலும், மலைப்பகுதிக்கென உள்ள தனி அனுமதியைக் கேட்டு அறிந்த பிறகே அடித்தளம் தோண்டுங்கள்.

ஏப்ரலில் கயிற்றில் நீங்கள் இடும் அந்த இரண்டு முடிச்சுகளுக்கும் இடையே எத்தனை அடி இருந்தது, கிணற்றின் விட்டம் எவ்வளவு, தோட்டக்காரர் வீட்டில் எத்தனை பேர் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள். எத்தனை கட்டில் வாங்கலாம் என்பதை அதன் பிறகு சேர்ந்து கணக்கிடுவோம்.