வீதியை அகலமாக்கினால் நெரிசல் தீருமா?

"வவுனியா நகரில் பள்ளிக்கூடம் விடும் நேரம் அசைய முடியவில்லை. வீதியை அகலமாக்கினால் சரிவருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொஞ்ச நாளைக்குச் சரிவரும். அப்புறம் பழைய கதைதான். இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் பஸ்ஸில் போனவரும் மோட்டார் சைக்கிளை எடுப்பார். அமெரிக்காவின் ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையைச் சில இடங்களில் 26 தடம் வரை விரித்தும், சில வருடங்களில் நெரிசல் நேரப் பயணம் மறுபடியும் நீளத் தொடங்கிவிட்டது.

இங்கே அகலத்தைவிடச் சந்திகள்தான் சிக்கல். மன்னார் வீதியும் ஹொரவப்பொத்தானை வீதியும் நகருக்குள்ளேயே ஏ9 எனும் கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலையில் வந்து விழுகின்றன. யாழ்ப்பாண பஸ், நெல் லொறி, ரியூசனுக்குப் போகும் சைக்கிள் எல்லாம் அதற்குள்தான். ஒரு ஓட்டோ ஆளேற்ற நின்றால் போதும்: பின்னால் வருபவர் பிரேக் பிடிப்பார், அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் அழுத்திப் பிடிப்பார். 2008இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில் 22 கார்களை வட்டப் பாதையில் ஓடவிட்டபோது, தடையே இல்லாமல் நெரிசல் தானாக உண்டானது.

ஆகவே முதலில் சந்தியடியில் வாகனம் நிறுத்துவதைத் தடுக்க வேண்டும்; செலவும் குறைவு. சிங்கப்பூர் 1975இலேயே நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் வைத்தது. அது நல்ல பஸ் சேவை உள்ள ஊருக்குத்தான் பொருந்தும். இருட்டினால் பஸ் கிடைக்காத கிராமத்தவரிடம் மோட்டார் சைக்கிளை விடுங்கள் என்று எப்படிச் சொல்வது?