கல்லூரி ஆங்கிலப் பாடநூலை மாணவருக்கு ஏற்றபடி மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி: சார், பல்கலைக்கழகம் கொடுத்த புத்தகத்தைத்தான் நடத்தியாக வேண்டும். அதை முழுக்கப் படித்த மாணவர்களும் ஒரு மின்னஞ்சல் எழுதத் திணறுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டு மாணவர்களிடம் பேசுங்கள். ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர்களான ஹட்சின்சனும் வாட்டர்ஸும் 1987-இல் மாணவரின் தேவையை மூன்றாகப் பிரித்தார்கள்: படிப்பும் வேலையும் கேட்பது, அதில் மாணவரிடம் இன்னும் இல்லாதது, மாணவரே விரும்புவது. மூன்றும் ஒத்துப்போவது அபூர்வம். மாணவர் “இலக்கணம் சொல்லிக்கொடுங்கள்” என்பார். துறை ஆசிரியரோ “ஆய்வக அறிக்கையில் முடிவை எழுதத் தெரியவில்லை” என்பார். அதனால் இருவரையும் கேளுங்கள். “பேச்சுப் பயிற்சி வேண்டுமா?” என்றால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். “போன வாரம் எங்கே ஆங்கிலம் தேவைப்பட்டது, யாரிடம், என்ன ஆயிற்று?” என்று கேட்டால் உண்மை வெளியே வரும்.

கேள்வி: எங்கள் புத்தகம் முழுக்கக் கட்டுரைகள், கீழே வினாக்கள். இதிலிருந்து பேச்சை எப்படி வரவழைப்பது?

கட்டுரையில் குறை இல்லை, கீழே உள்ள வினாக்களில்தான் குறை. விடை எல்லோர் கண்முன்னும் இருக்கும்போது யாரும் யாரிடமும் பேச வேண்டிய அவசியமே இல்லை. அந்த அவசியத்தை நாம் உண்டாக்க வேண்டும்.

நீர் மாசு பற்றிய பாடம் என்று வைத்துக்கொள்வோம். பாதி வகுப்புக்குக் காரணங்கள் உள்ள பத்திகள், மீதிப் பாதிக்குத் தீர்வுகள் உள்ள பத்திகள். இருவர் இருவராக உட்கார்ந்து, மற்றவர் தாளைப் பார்க்காமல், கேட்டுக் கேட்டே ஓர் அட்டவணையை நிரப்பட்டும். அப்புறம் அடுத்த படி: நான்கு தீர்வுகளில் இரண்டுக்குத்தான் பணம் இருக்கிறது, எவற்றை எடுப்பீர்கள், ஏன்? கடைசியில், எடுத்த முடிவைத் துறைத் தலைவருக்கு ஒரு சிறு மின்னஞ்சலாக எழுதட்டும். மொழி கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபு வகுப்புப் பணிகளை மூன்றாக வகைப்படுத்தினார்: ஒருவரிடம் உள்ளதை இன்னொருவர் கேட்டுப் பெறும் தகவல் இடைவெளி, உள்ள தகவலிலிருந்து யோசித்து முடிவுக்கு வரும் தர்க்க இடைவெளி, சொந்த எண்ணத்தைச் சொல்லும் கருத்து இடைவெளி. அட்டவணை நிரப்புவது முதல் வகை, தீர்வைத் தேர்ந்தெடுப்பது இரண்டாவது. பலர் மூன்றாவதிலிருந்து தொடங்கி, “இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்கிறார்கள். கூச்சப்படும் மாணவருக்கு அதுதான் மிகக் கடினம். தகவலில் தொடங்கினால் வாய் தானாகத் திறக்கும்.

கேள்வி: பலவீனமான மாணவர்களுக்காகப் பாடத்தை எளிதாக்கி எழுதித் தரலாமா?

தரலாம், ஆனால் கவனமாக. நீண்ட வாக்கியங்களை உடைக்கும்போது ‘ஆகவே’, ‘இருந்தாலும்’ போன்ற இணைப்புச் சொற்களும் போய்விடும்; வாக்கியம் குறுகி, பொருள் பிடிபடாமல் போகும். பாடத்தை அப்படியே விட்டுச் செய்யச் சொல்வதை மாற்றுவதே எனக்குப் பிடித்த வழி. ஒருவர் தகவலைக் கண்டெடுக்கட்டும், இன்னொருவர் சுருக்கி எழுதட்டும், தேர்ந்தவர் அதன் வாதத்தை மறுக்கட்டும்.

கேள்வி: ஐயா, எந்தச் சொற்களுக்கு நேரம் ஒதுக்குவது?

புத்தகம் தடித்த எழுத்தில் போடும் அரிய சொற்களுக்கு வேண்டாம். சொல்லாய்வாளர் ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) உள்ளன. கல்வி நூல்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ 10 விழுக்காடு இவைதான். பாடத்தில் இவை எங்கே வருகின்றன என்று குறித்து, மாணவரின் சொந்தத் துறை வாக்கியங்களில் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: தேர்வு பழைய மாதிரியே இருக்கிறது. நேரமும் இல்லை.

ஒரே வகைப் பயிற்சி பத்து இருந்தால் மூன்று போதும், மற்றவற்றை வீட்டுக்கு விடுங்கள். தேர்வு கேட்காததை மாணவர் நீண்ட நாள் மதிக்க மாட்டார் என்பதும் நிஜம். அக மதிப்பெண்ணில் ஒரு பங்கையாவது பேச்சுக்கு ஒதுக்கும்படி துறையில் கேட்டுப் போராடுங்கள்.

கேள்வி: மாற்றியது பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பருவத் தொடக்கத்தில் ஒரு பேச்சுப் பணியைப் பதிவு செய்யுங்கள். முடிவில் அதே வகைப் பணியை இன்னொரு முறை. பிழைகளை மட்டும் எண்ண வேண்டாம். எதிரில் இருப்பவருக்குப் புரியாதபோது வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறார்களா, தமக்குப் புரியாததைத் திருப்பிக் கேட்கிறார்களா என்று பாருங்கள்.