பேராயர் ஏவா புருன்னே: வாசகர் கேள்விகள்

லுத்தரன் திருச்சபையில் ஒரு லெஸ்பியன் பேராயர் இருந்தார் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கேள்விகளில் சில இங்கே.

அவர் யார்? எந்த ஊர்? (வாசகி, மதுரை)

ஏவா புருன்னே. 1954இல் சுவீடனின் மால்மோ நகரில் பிறந்தவர். 1978இல் குருப்பட்டம் பெற்றார். 2009 முதல் 2019 வரை சுவீடன் லுத்தரன் திருச்சபையில் ஸ்டாக்ஹோம் திருமண்டலத்தின், அதாவது ஒரு பேராயருக்குக் கீழுள்ள சபைகளின் தொகுதியின், பேராயர். தான் லெஸ்பியன் என்பதை மறைக்காமல் வாழ்ந்து, பெரிய திருச்சபை ஒன்றில் பேராயரான முதல் பெண் இவர்தான். அவருடைய துணைவியும் சபைகுரு. இருவருக்கும் ஒரு மகன் உண்டு.

மேலிடம் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாமே? யார் நியமித்தார்கள்? (வாசகர், நாகர்கோவில்)

நியமனமே இல்லை, தேர்தல். 1999 வரை சுவீடனில் பேராயரை அரசாங்கம்தான் தேர்ந்தெடுத்தது. திருமண்டலம் வாக்களித்து மூன்று பெயர்களை அனுப்பும், அரசு அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். 2000 ஜனவரி 1 அன்று திருச்சபை அரசிடமிருந்து பிரிந்த பிறகு அந்த ஏற்பாடு போய்விட்டது. இப்போது திருமண்டலத்தின் குருமார்களும் சபைகளின் பிரதிநிதிகளும் போடும் வாக்கே முடிவு. பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காவிட்டால் முதலிரண்டு பேருக்குள் மறுபடி தேர்தல் நடக்கும்.

2009 மே 26 அன்று புருன்னேவுக்கு 413 வாக்கு, எதிர்த்து நின்ற குருவுக்கு 365. வித்தியாசம் 48தான். ஸ்டாக்ஹோமே திரண்டு அவரைத் தூக்கிவைத்தது போலச் சிலர் எழுதுவது மிகை. ஆனால் இவ்வளவு நெருக்கமாக வந்த முடிவை ஒரு மேலதிகாரி எடுத்த முடிவு என்று சொல்லவும் வழியில்லை. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று உப்சாலா பேராலயத்தில் தலைமைப் பேராயர் ஆண்டர்ஸ் வெய்ரிட் அவரை அபிஷேகம் செய்தார்.

ஸ்டாக்ஹோமில் அவருக்கு முன்பு இருந்தவரும் பெண்தான், கரோலின் க்ரூக். பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கலாம் என்று 1958இலேயே முடிவாகி, 1960இல் முதல் மூவர் குருக்களானார்கள். முதல் பெண் பேராயர் 1997இல்தான் வந்தார். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே எத்தனை வருஷம் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரே பாலினத்தவர் திருமணத்தை ஆலயத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்தானா? (வாசகர், கோயம்புத்தூர்)

இல்லை. தேதிகளைப் பார்த்தாலே விளங்கும். அரசின் சட்டம் 2009 மே 1 முதல் அமலுக்கு வந்தது. திருச்சபையின் முடிவெடுக்கும் மன்றமான பேரவை அக்டோபர் 22 அன்று வாக்கெடுத்து, 249 பேரில் 176 பேர் ஆதரிக்க, நவம்பர் 1 முதல் ஆலயத்தில் அந்தத் திருமணங்களை அனுமதித்தது. புருன்னே அபிஷேகம் பெற்றதே அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான். போதாததற்கு, அந்தப் பேரவையில் பேராயர்கள் கட்டாயம் உட்கார வேண்டும், பேசலாம். பேராயர் என்பதற்காக வாக்கு கிடையாது.

மனம் ஒப்பாத குருவைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அந்த முடிவிலேயே இருக்கிறது. அப்படி ஒருவர் மறுத்தால் வேறொரு குருவை ஏற்பாடு செய்வது சபையின் பொறுப்பு.

பத்து வருஷத்தில் அவர் செய்ததில் எது முக்கியம்? (வாசகி, திருச்சி)

பேராயரின் அன்றாட வேலை குருப்பட்டம் கொடுப்பது, சபைகளுக்குப் போய் விசாரிப்பது, கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவது. செய்தியாகாத வேலை. எங்களைக் கேட்டால் ஒரு பிரசங்கத்தைச் சொல்வோம்.

சுவீடனில் ஒவ்வொரு பேராயரும் ஒரு வாசகத்தைத் தன் அடையாளமாக எடுத்துக்கொள்வார். புருன்னே எடுத்தது 'மனிதருக்குள் வேற்றுமை பாராட்டாதே'. பட்சபாதம் வேண்டாம் என்று பைபிளில் யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரம் சொல்வதுதான் அது. 2010 தேர்தலில் குடியேற்றத்தை எதிர்க்கும் சுவீடன் ஜனநாயகக் கட்சி முதன்முறையாக 20 இடங்களோடு நாடாளுமன்றத்துக்குள் வந்தது. அக்டோபர் 5, நாடாளுமன்றத் திறப்பை ஒட்டி ஸ்டாக்ஹோம் பேராலயத்தில் ஆராதனை. முந்தின இரவு இனவெறிக்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் தெருவில் கூடியதைப் பிரசங்கத்தில் எடுத்துப் பேசி, மனிதருக்குள் வேற்றுமை பாராட்டுவதை அவர்கள் கண்டித்தார்கள் என்றார் புருன்னே. அந்தக் கட்சியின் தலைவர் யிம்மி ஓகெசனும் உறுப்பினர்களும் நடுவிலேயே எழுந்து வெளியேறினார்கள். ஆலயத்தில் அரசியல் பேசினார் என்பது அவர்கள் புகார். எடுத்துக்கொண்ட வாசகத்தை ஒரு பேராயர் பிரசங்கிக்காமல் வேறு யார் பிரசங்கிப்பது?

சிலுவைகளை எடுத்துவிடச் சொன்னவராமே, வாட்ஸ்அப்பில் வந்தது. (வாசகர், தூத்துக்குடி)

பாதி உண்மை. 2015இல் அவர் பேசியது ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் உள்ள கப்பல் தொழிலாளர் ஆலயம் ஒன்றைப் பற்றி மட்டும். பிற மதத்து மாலுமிகளும் தொழ வசதியாக மெக்காவின் திசையைக் குறித்துவைக்கலாம், கிறிஸ்தவ அடையாளங்களைத் தற்காலிகமாக எடுத்துவைக்கலாம் என்றார். யோசனைதான், ஆணை அல்ல. அங்கே பொறுப்பில் இருந்தவரே அதை ஏற்கவில்லை. எல்லா ஆலயங்களுக்கும் உத்தரவு என்பது வழியில் சேர்ந்த சரக்கு.

நம் தமிழ் லுத்தரன் சபையை இது கட்டுப்படுத்துமா? (வாசகர், தரங்கம்பாடி)

கட்டுப்படுத்தாது. லுத்தரன் உலகக் கூட்டமைப்பில் ஒவ்வொரு சபையும் தன்னாட்சி கொண்டது. எத்தியோப்பியாவின் மெகானே யேசுஸ் சபை ஒரே பாலினத்தவர் திருமண விஷயத்தில் உடன்பட முடியாமல் 2013இல் சுவீடன் திருச்சபையோடு உறவையே முறித்துக்கொண்டது.

ஆனால் உங்கள் ஊருக்கும் சுவீடனுக்கும் பழைய உறவு உண்டு. 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு 1921இல் வந்த முதல் பேராயர் ஹூமன் சுவீடன்காரர். அடுத்த இருவரும் அப்படியே. அந்தச் சபையின் பேராயருக்குரிய தரங்கம்பாடிப் பேராயர் பட்டம் ஓர் இந்தியருக்கு, ராஜா மாணிக்கத்துக்கு, வந்தது 1956இல்.