சும்மா வருகிற வக்கீல்

கேள்வி: வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பெண்களுக்குத் தங்குமிடம் நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. கட்டடத்தின் சொந்தக்காரர் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே காலி செய்யச் சொல்கிறார். ஒரு பெரிய சட்ட நிறுவனம் ‘புரோ போனோ’வாக, அதாவது கட்டணமே வாங்காமல், எங்களுக்கு உதவ முன்வந்திருக்கிறது. எங்கள் பொருளாளரோ, “சும்மா வருகிற வக்கீல் சும்மாதான் இருப்பார். கத்துக்குட்டிகளை அனுப்பிவிட்டுப் பெயரைத் தட்டிக்கொண்டு போவார்கள்” என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் முதல் சந்திப்புக்குப் பொருளாளரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய சந்தேகத்தில் பாதி நியாயமானது.

நியாயமில்லாத பாதியை முதலில் பார்த்துவிடுவோம். 1961இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை, திருட்டு வழக்கில் வக்கீல் இல்லாமல் தானே வாதாடித் தோற்றார். சிறையிலிருந்து பென்சிலால் உச்ச நீதிமன்றத்துக்கு மனு எழுதினார். அவருக்காக வாதாட நீதிமன்றம் நியமித்தது ஏப் ஃபோர்டாஸை. வாஷிங்டனில் பெரிய நிறுவனம் ஒன்றின் பங்குதாரர் அவர். கட்டணம் கிடையாது. அந்த நிறுவனத்தின் ஜூனியர்களும், கோடை விடுமுறையில் வேலைக்கு வந்திருந்த ஒரு சட்ட மாணவரும்கூட இந்த வழக்குக்காக நூல்களைப் புரட்டினார்கள். 1963இல் தீர்ப்பு வந்தது: கடுமையான குற்றச்சாட்டைச் சந்திக்கும் ஏழைக்கு அரசே ஒரு வக்கீலை வைத்துக் கொடுத்தாக வேண்டும். மறுவிசாரணையில் கிடியன் விடுதலையானார். ஆக, கத்துக்குட்டி வருவது பிரச்சினையே இல்லை. அவர் எழுதுவதைப் படித்துத் திருத்த ஒரு சீனியர் இருக்கிறாரா என்பதை மட்டும் கேளுங்கள்.

நிறுவனத்துக்கு இதில் லாபம் இல்லையா என்றால், இருக்கிறது. ஜூனியர்களுக்குப் பயிற்சி, வெளியே நல்ல பெயர். வக்கீல் ஒருவர் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது இப்படி உழைக்க முயல வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதியும் சொல்கிறது. இருந்துவிட்டுப் போகட்டுமே! அவர்களுக்குப் பெயர் கிடைப்பதால் உங்கள் கட்டடம் பறிபோகப் போவதில்லை.

இனி நியாயமான பாதி. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைப் பாருங்கள், தப்பில்லை. கட்டடச் சொந்தக்காரரோ அவருடைய கம்பெனியோ ஏற்கெனவே இதே நிறுவனத்தின் கட்சிக்காரராக இருந்தால் அவர்களால் உங்களுக்காக நிற்க முடியாது. அதனால் உங்கள் கதையை முழுதாகக் கொட்டுவதற்கு முன் அவர் பெயரைச் சொல்லிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், என்ன வேலை, எதுவரை என்பதை எழுத்தில் வாங்குங்கள். நோட்டீஸுக்குப் பதில் எழுதுவதோடு சரியா, வழக்கு போட்டால் வாதாடவும் வருவார்களா? இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. ‘இலவசம்’ என்பது பெரும்பாலும் வக்கீல் கட்டணத்துக்கு மட்டும்தான். நீதிமன்றக் கட்டணம், மொழிபெயர்ப்புச் செலவு யார் தலையில்? தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் கட்டச் சொல்லும் நாடுகள் உண்டு. அதையும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது. நிறுவனத்தின் கட்சிக்காரர் உங்கள் அறக்கட்டளைதான், அங்கே தங்கியிருக்கும் பெண்கள் இல்லை. அவர்களுடைய ஜீவனாம்ச வழக்கும் குழந்தை வழக்கும் தானாக இதில் சேராது. வேண்டுமானால் அவர்களுக்கும் உதவுவீர்களா என்று தனியாகக் கேளுங்கள். அந்தப் பெண்களின் பெயர் விவரங்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் வக்கீலிடம்கூட நீட்டாதீர்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காசு கொடுக்கும் கட்சிக்காரரின் அவசர வேலை வந்தால் உங்கள் ஃபைல் அடியில் போய்விடும் அபாயம் நிஜமானது. நானே ஜூனியராக இருந்தபோது அப்படி ஒரு ஃபைலை மூன்று வாரம் தொடாமல் வைத்திருக்கிறேன். அந்த அறக்கட்டளையிலிருந்து ஒரு ஃபோன்கூட வரவில்லை. இலவசமாகச் செய்கிறவரை நச்சரிக்கலாமா என்று கூச்சப்பட்டிருக்கிறார்கள். நீங்கள் கூச்சப்படாதீர்கள். ஏற்றுக்கொண்ட பிறகு ரகசியம் காப்பதிலும் கெடு தவறாமல் இருப்பதிலும் காசு கொடுத்தவருக்குள்ள அதே உரிமை உங்களுக்கும் உண்டு. நோட்டீஸில் பதில் சொல்லக் கடைசி நாள் என்று ஒரு தேதி இருந்தால், முதல் சந்திப்பின் முதல் வாக்கியமே அந்தத் தேதியாக இருக்கட்டும்.

பொருளாளருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒப்பந்தம், வாடகை ரசீதுகள், சொந்தக்காரர் அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி ஒரே ஃபைலாக அவர் கொண்டுவரட்டும். இவ்வளவு சந்தேகப்படுகிறவர் ஒரு ரசீதைக்கூட விட்டிருக்க மாட்டார்.