கிராஃபிக் டிசைனில் பிஎச்டி செய்ய என்ன இருக்கிறது?

கேள்வி: என் தம்பி கிராஃபிக் டிசைனில் பிஎச்டி சேரப் போகிறேன் என்கிறான். போஸ்டர் செய்யக் கற்றுக்கொள்வது சரி, அதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? இதைக் கல்லூரியில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

நான் ஒரு டிசைன் கல்லூரியில் இந்தப் பாடத்தை எடுக்கிறவன். எங்கள் வீட்டிலேயே இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டாயிற்று, அதனால் வருத்தமெல்லாம் இல்லை. போஸ்டரைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், ஒரு வாக்குச்சீட்டைப் பார்ப்போம்.

2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். ஃபுளோரிடா மாநிலத்தில் புஷ் 537 வாக்குகள் வித்தியாசத்தில் முந்தினார், அதை வைத்துத்தான் அதிபரானார். அந்த மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் முதியவர்கள் அதிகம். அவர்கள் சிரமப்படக் கூடாது என்று நல்ல எண்ணத்தோடு சீட்டில் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கியதும் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று பிரித்துப் போட்டு, துளையிடும் இடங்களை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார்கள். இடப்பக்கத்தில் இரண்டாவது பெயர், புஷ்ஷை எதிர்த்துப் போட்டியிட்ட அல் கோர். ஆனால் இரண்டாவது துளை, வலப்பக்கத்தில் முதலில் இருந்த சிறிய கட்சி வேட்பாளர் புக்கானனுக்கு உரியது. கோருக்கு மூன்றாவது துளை. மேலிருந்து இரண்டாவது பெயர், இரண்டாவது துளை என்று எண்ணிக் குத்தியவர்களின் வாக்கு எங்கே போயிருக்கும்?

"அப்படியெல்லாம் குழம்பியிருக்க மாட்டார்கள், அவர்களுக்குப் புக்கானனைத்தான் பிடித்திருக்கும்" என்று யாராவது சொன்னால் எப்படி மறுப்பது? ஆராய்ச்சி இங்கேதான் தொடங்குகிறது. அதே மாவட்டத்தில் தபாலில் வாக்களித்தவர்களுக்குக் கொடுத்த சீட்டு இந்த வடிவில் இல்லை. அதே வேட்பாளர்கள், அதே ஊர், வேறு வடிவம். இரண்டையும் ஒப்பிட்டபோது, வாக்குச்சாவடியில் புக்கானனுக்குக் கிடைத்த பங்கு தபாலில் கிடைத்ததைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது. 2001-இல் வந்த அந்த ஆய்வின் முடிவுப்படி, கோருக்குப் போடுவதாக நினைத்த 2,000-க்கும் மேற்பட்டவர்கள் புக்கானனுக்குக் குத்தியிருக்கிறார்கள். வித்தியாசம் 537 என்பதை மறந்துவிடாதீர்கள். இதில் எங்கள் துறைக்குக் கொஞ்சம் வெட்கமான விஷயம், அந்த ஆய்வைச் செய்தவர்கள் டிசைனர்கள் அல்ல, அரசியல் அறிவியல் பேராசிரியர்கள்.

டிசைன் பக்கத்திலிருந்தும் ஓர் உதாரணம். 1950-களின் கடைசியில் பிரிட்டனில் நெடுஞ்சாலைப் பலகைகளை ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் வடிவமைத்தார்கள். கடைசி எழுத்து வரை எல்லாம் ஆங்கிலக் கேப்பிட்டல் எழுத்தில் இருந்தால்தான் தூரத்திலிருந்து தெரியும் என்று டேவிட் கிண்டர்ஸ்லி என்ற எழுத்துக் கலைஞர் சண்டைக்கு வந்து, தன் எழுத்துருவை முன்வைத்தார். ஒரு விமானத் தளத்தில் ஆட்களை உட்காரவைத்து, பலகையைத் தலையில் கட்டிக்கொண்ட காரை அவர்களை நோக்கி ஓட்டிச் சோதித்தார்கள். கிண்டர்ஸ்லியின் எழுத்து சுமார் 3 சதவீதம் கூடுதல் தூரத்திலிருந்து படிக்க முடிந்தது. ஆனாலும் கின்னியர், கால்வெர்ட் எழுத்துதான் தேர்வானது. வித்தியாசம் சிறியது, பார்க்க இதுதான் நன்றாக இருக்கிறது என்று விட்டார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் பாதிப் பேர் கொதித்துப்போவார்கள். "அப்புறம் எதற்கு சார் டெஸ்ட்?" என்பார்கள். எனக்கு அந்த முடிவு சரியாகத்தான் படுகிறது. தூரம் ஒன்றை அளந்தார்கள், அதற்குப் பதில் கிடைத்தது. பலகையில் தூரம் மட்டுமா விஷயம்?

எல்லா ஆராய்ச்சியும் இப்படி அளப்பதல்ல. வியன்னாவில் ஓட்டோ நியூராத் 1925-இல் தொடங்கிய அருங்காட்சியகத்திலிருந்து ஐசோடைப் என்ற படமொழி வளர்ந்தது. இன்று பத்திரிகையில் பத்து மனித உருவம் போட்டு, ஓர் உருவத்துக்கு ஒரு லட்சம் பேர் என்று காட்டுகிறார்களே, அதன் மூத்த தலைமுறை. புள்ளிவிவரம் தருபவருக்கும் வரைபவருக்கும் நடுவில் உட்கார்ந்து, எதைச் சொல்வது எதை விடுவது என்று தீர்மானிக்கத் தனியாக ஆள் வைத்திருந்தார்கள். மேரி நியூராத் செய்தது அந்த வேலை. அவர்களுடைய வரைவுகள், கடிதங்கள் எல்லாம் 1971-இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. அங்கே டைப்போகிராஃபித் துறையில் படிப்பவர்கள், அடித்துத் திருத்திய வரைவுகளை வைத்தே ஆய்வு செய்கிறார்கள். முடிந்த படத்தைவிட அடித்த வரைவில்தான் யோசனை தெரியும்.

நம் ஊருக்கு வருவோம். அகமதாபாத்தில் என்ஐடி என்கிற தேசிய டிசைன் கல்வி நிறுவனம் 1961-லும், மும்பை ஐஐடியின் டிசைன் துறையான ஐடிசி 1969-லும் தொடங்கின. ரூபாய் குறியீட்டை வடிவமைத்த உதயகுமாரைத் தெரியும் அல்லவா? 2010-இல் அது தேர்வானபோது அவர் ஐடிசியில் பிஎச்டி மாணவர், ஆய்வு தமிழ் எழுத்துருவியல். பிறகு குவாஹாட்டி ஐஐடியில் ஆசிரியராகச் சேர்ந்தார். தம்பியை அடுத்த தடவை யாராவது கிண்டல் செய்தால் இதை எடுத்து விடுங்கள்.

கற்பிப்பது என்றால், ஃபோட்டோஷாப் மிகச் சின்னப் பகுதி. அதை மாணவர்கள் யூடியூபிலேயே கற்றுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கரண்ட் பில், மாத்திரை அட்டை, வங்கிப் படிவம் மாதிரி எதையாவது கொடுத்து, அதைப் பயன்படுத்தும் நாலு பேரை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு வா என்று அனுப்புவோம். பேட்டி எடுக்காதே, பக்கத்தில் நின்று பார் என்பேன். கேட்டால் எல்லோரும் "நல்லாப் புரியுதே" என்றுதான் சொல்வார்கள், கை எங்கே தயங்குகிறது என்பது பார்த்தால்தான் தெரியும். பிறகு செய்ததைச் சுவரில் ஒட்டி, மதிப்பிடும் குழுவான ஜூரி முன்னால் நிற்க வேண்டும். "மினிமலா இருக்கு சார்" என்பது அங்கே பதிலாக ஏற்கப்படாது.

குறைகளும் உண்டு. கல்லூரி ஆசிரியராவதற்கான நெட் தகுதித் தேர்வைக் காட்சிக் கலை அல்லது மாஸ் கம்யூனிகேஷன் என்று அக்கம்பக்கத்துப் பாடத்தில்தான் எங்கள் ஆட்கள் எழுதுகிறார்கள். பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்பதால், யாரும் படிக்காத கட்டுரைகள் நிறைய வருகின்றன. இருபது வருடம் பத்திரிகைப் பக்கம் வடிவமைத்தவரிடம் பட்டம் இல்லையென்றால் கெஸ்ட் லெக்சரர் மாதிரி தற்காலிகமாகத்தான் கூப்பிட முடிகிறது. எனக்கு இது பிடிக்கவே இல்லை.

தம்பியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: உன் ஆய்வுக் கேள்வி என்ன? "டைப்போகிராஃபி", "பிராண்டிங்" என்று தலைப்பாகச் சொன்னால் இன்னும் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டுச் சேரச் சொல்லுங்கள். "தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த ஆஸ்பத்திரிப் பலகையில் இரண்டுக்கும் ஒரே அளவு கொடுத்தால் தமிழ் மட்டும் ஏன் நெரிசலாகத் தெரிகிறது, எவ்வளவு கூட்டினால் முதியவர்கள் தடுமாறாமல் படிப்பார்கள்" என்ற மாதிரிச் சொன்னால், சேரட்டும். அப்படியே அவன் கைடாக நினைப்பவரிடம் முன்பு ஆய்வு செய்த ஒருவரையாவது பிடித்துப் பேசச் சொல்லுங்கள், அப்ளிகேஷன் போடுவதற்கு முன்பே.