மலேரியா போய் இரண்டு மாதத்தில் மறுபடி காய்ச்சல்: ஊசி போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு (எடை 80 கிலோ) வைவாக்ஸ் மலேரியா வந்து, மூன்று நாள் குளோரோகுயினில் காய்ச்சல் நின்றது. இன்னொரு மாத்திரையை 14 நாளுக்குக் கொடுத்தார்கள். உடம்பு தேறியதால் ஐந்தாம் நாளோடு விட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து மறுபடி குளிர்காய்ச்சல். "கிருமிக்கு மருந்து பழகிவிட்டது, ஊசிதான் கேட்கும்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். போடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் ரத்தப் பூச்சுப் பரிசோதனை செய்யுங்கள். மறுபடியும் வைவாக்ஸ்தான் என்றால், பாதியில் விட்ட அந்த மாத்திரைதான் பெரும்பாலும் காரணம்.

வைவாக்ஸ் கிருமி ரத்தத்தில் பெருகும். கல்லீரலில் உறங்கவும் செய்யும். குளோரோகுயின் ரத்தத்தில் இருப்பதை மட்டும் கொல்லும். ஈரலில் உறங்குவதை ஒழிப்பது பிரைமாகுயின், அதாவது அந்த 14 நாள் மாத்திரை. குளோரோகுயின் சில வாரங்கள் ரத்தத்தில் தங்குவதால் அதுவரை காய்ச்சல் தலைகாட்டாது. கிருமிக்குக் குளோரோகுயின் பழகிப்போய்ப் பலிக்கவில்லை என்றால் காய்ச்சல் பெரும்பாலும் 28 நாளுக்குள்ளேயே திரும்பியிருக்கும்.

இந்த முறை ரத்தக் கிருமிக்கான மருந்தோடு பிரைமாகுயினையும் முழுதாக முடிக்க வேண்டும். வழக்கமான அளவு, கிலோவுக்கு தினம் 0.25 மில்லிகிராம், 14 நாள். உங்கள் கணவருக்கு தினம் 20 மில்லிகிராம். எடை பார்க்காமல் பெரியவர்கள் எல்லோருக்கும் 15 என்று எழுதிவிடுகிறார்கள். 14 நாளில் மொத்தம் 280 மில்லிகிராம் போக வேண்டிய உடம்பில் 210தான் போகிறது. எடைக் கருவி பக்கத்திலேயே இருக்க, நோயாளியை அதில் ஏறச் சொல்லாமல் சீட்டு எழுதுவதை என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. சில அட்டைகளில் 26.3 என்று அச்சிட்டிருக்கும். அது மருந்து சேர்ந்திருக்கும் வேதியுப்பின் மொத்த எடை, அதில் மருந்து 15 மில்லிகிராம்தான். சாப்பிட்ட பிறகே போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் பிடித்து இழுக்கும்; பலர் மாத்திரையை நிறுத்துவது அதனால்தான். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை மறுபடி கொடுங்கள்.

தொடங்கும் முன் ஜி6பிடி என்ற நொதிக்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். இந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு, ஆண்களிடம் இது அதிகம், பிரைமாகுயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். அப்படித் தெரிந்தால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். போன தடவை ஐந்து நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். குறைபாடு லேசாக இருந்தால் வெளியே தெரியாமல் போயிருக்கலாம். சிவப்பணு நிறைய உடைந்திருக்கும் சமயத்தில், புதிதாகப் பிறந்த அணுக்களில் நொதி அதிகம் இருப்பதால், முடிவு இயல்பு என்று தவறாகவும் வரும். குறைபாடு உறுதியானால் வழி அடைந்துவிடாது: வாரம் ஒரு முறை கிலோவுக்கு 0.75, அவருக்கு 60 மில்லிகிராம், எட்டு வாரம், மருத்துவரின் கண்காணிப்பில். கர்ப்பிணிகளுக்கு பிரைமாகுயின் கூடாது.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். ஆர்ட்டிசுனேட் ஊசி, நினைவு தப்புதல், வலிப்பு, மூச்சுத் திணறல், எதுவும் தங்காத வாந்தி என்று தீவிரமாகும் மலேரியாவுக்கானது. அந்த அறிகுறி இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனையில் சேருங்கள். அங்கேயும் ஊசியோடு முடிவதில்லை, பின்னால் மூன்று நாள் கூட்டு மாத்திரை உண்டு. வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு ஊசி குத்திப் பணம் வாங்கிப் போகிறவர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். காய்ச்சல் மறுநாளே இறங்கும், குத்தியவருக்குக் கைராசிக்காரர் என்று பேரும் வரும். ஈரலில் உறங்கும் கிருமியை அந்த ஊசி தொடுவதே இல்லை. ரத்தம் பார்க்காமல் ஊசியையோ உதிரி மாத்திரையையோ நீட்டுகிறவர் யாராக இருந்தாலும் வாங்காதீர்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது பழைய சீட்டையும் மிச்ச மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். மருந்து முடிந்த பின் மறுபடி காய்ச்சல் வந்தால், எத்தனை மாதம் ஆகியிருந்தாலும், அன்றே ரத்தப் பூச்சு எடுக்க வேண்டும்.